இடப்பக்கத்து மரம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில், பெரிய இயந்திரங்கள் எல்லாம் துவைத்துத் துப்பிய பிறகும் போகாத கறைகளுக்கென்று ஜன்னலோரம் ஓர் எவர்சில்வர் மேசை இருக்கிறது. அதற்குப் பெயர் கறைமேசை. முப்பத்தொரு வருஷமாக அந்த மேசைக்குப் பின்னால் நிற்பது ஒரே ஆள்தான். பாய்லர் பார்க்கிறவரிலிருந்து பெரிய டாக்டர்வரை எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான். நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று நினைத்து அவள் திரும்பமாட்டாள்.

இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர். சூடு காட்டினால் அது ஜென்மத்துக்கும் போகாது. தேநீருக்கு ஒன்று, துருவுக்கு ஒன்று, காயத்துக்குப் போடும் மஞ்சள் மருந்துக்கு ஒன்று என்று அவள் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்பது புட்டிகள். எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு: கறையை வெளியிலிருந்து உள்ளே துடைக்க வேண்டும். நடுவிலிருந்து தொடங்கினால் ஈரம் பரவிப் பரவி, காய்ந்த பிறகு ஒரு வளையம் கட்டிக்கொள்ளும். கறை போய்விடும், வளையம் போகாது. மூன்று தடவை போட்டும் போகாத விரிப்பைக் கிழித்துத் தரை துடைக்க அனுப்பிவிடுவார்கள். அக்கா அப்படி அனுப்பியது வருஷத்துக்கு ஐந்தாறு தேறினால் அதிகம்.

இந்த வேலையில் ஒரு கொடுமை இருக்கிறது. கறை இருந்தால் கூப்பிட்டுத் திட்டுவார்கள். இல்லாவிட்டால், “ஆகா, இங்கே ஒன்றுமே இல்லையே” என்று யாரும் கூப்பிட்டுப் பாராட்டுவதில்லை. அவள் நன்றாக வேலை செய்தாள் என்பதற்கு ஒரே அத்தாட்சி, அவள் வேலை செய்த அடையாளமே இல்லாததுதான். இதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் உள்ளே எங்கோ அது முள்ளாகக் குத்திக்கொண்டேதான் இருந்தது.

அவள் ஐம்பத்திரண்டு வயதில் தூரிகையைப் பிடித்ததற்குக் காரணம் கலை ஆர்வம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரணம் ரோஷம்.

எதிரே மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருநாள் தன் வெள்ளைக் கோட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். கைப்பட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம்.

“என்ன மை இது?” என்றாள் அக்கா.

“மை இல்லக்கா. பெயின்ட். சனிக்கிழமை சாயங்காலம் வாட்டர் கலர் சங்கத்துக்குப் போறேன்.”

“வாட்டர் கலர்னா வாட்டர்லயே போயிடுமே.”

“மத்ததெல்லாம் போயிடுது. இந்த நீலம் மட்டும் போகவே போகாதுன்னு சொல்றாங்க.”

“யாரு சொல்றது?” என்று கோட்டை இழுத்துக்கொண்டாள் அக்கா.

மூன்று நாள், மூன்று தடவை, ஒன்பது புட்டியும் திறந்தாயிற்று. நீலம் கொஞ்சம் வெளுத்ததே தவிர அசையவில்லை. கோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அக்காவின் முகத்தைப் பார்த்த மருந்துக்கடை அம்மா, தானே ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல, “பரவால்லக்கா” என்றாள். பரவாயில்லை என்ற சொல்தான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே தன்னைத் தோற்கடித்த நீலத்தை நேரில் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

நூலகத்துக்கு மேலே நீளமான ஓர் அறை. இரண்டு ஜன்னல், மடக்கு நாற்காலிகள், தண்ணீருக்குப் பிளாஸ்டிக் குவளைகள். குவளையைக் கழுவ வேண்டுமென்றால் படியிறங்கிக் கீழே போக வேண்டும். அதற்கு வாரம் ஒருவர் என்று முறை வைத்திருந்தார்கள். பன்னிரண்டு உறுப்பினர்கள். ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர், டியூஷன் டீச்சர் ஒருத்தி, வீட்டில் பேசிக்கொள்ளாமல் இங்கே வந்து ஒரே குவளையில் தூரிகை முக்கும் ஓரகத்திகள் இரண்டு பேர், இப்படி.

இந்தச் சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், சாவி வைத்திருப்பவர் எல்லாம் சர்வேயர்தான். முப்பத்தெட்டு வருஷம் நிலம் அளந்தவர். அவர் போட்ட கோட்டை நம்பி ஊரில் பாதிப் பேர் வேலி போட்டார்கள், மீதிப் பேர் வழக்குப் போட்டார்கள். நல்ல மனிதர். அறையைப் பேசி வாங்கியது அவர். ஆரம்பத்தில் ஆளுக்கொரு தூரிகை தன் கைக்காசில் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மறுநாள் வீட்டு வாசலில் நிற்பார். இவ்வளவு சொல்லிவிட்டுத்தான் அவருடைய ஒரு குணத்தையும் சொல்ல வேண்டும். அவரால் அடுத்தவர் படத்தைத் தொடாமல் இருக்க முடியாது.

சட்டைப்பையில் மற்றவர்கள் பேனா செருகியிருக்கிற இடத்தில் அவர் ஒரு தூரிகை செருகியிருப்பார். நாற்காலி நாற்காலியாக நடந்து வருவார். பின்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். “கொஞ்சம் குடுங்க” என்பார். கொடுத்த மறு நிமிஷம் படத்தின் இடப்பக்கம் ஒரு மரம் முளைத்துவிடும். அடிமரம் பழுப்பு, வெயில் படும் பக்கம் ஒரு மஞ்சள் கீற்று, மேலே மூன்று வகைப் பச்சையில் தழை. சும்மா சொல்லக்கூடாது, மரம் அருமையாகத்தான் இருக்கும்.

“மரம் இல்லாத படம் தூண் இல்லாத வீடும்மா. எப்ப விழுமோன்னு இருக்கும்” என்பார்.

கடற்கரை வரைந்தாலும் இடப்பக்கம் மரம். பாலைவனம் வரைந்தாலும் மரம். கண்டக்டர் ஒருமுறை சமையலறையில் ஒரு சொம்பு இருப்பதுபோல வரைந்தார். சொம்புக்கு இடப்பக்கம் ஜன்னல் ஒன்றைத் திறந்து அதற்குள் மரத்தை வைத்துவிட்டார் சர்வேயர். பன்னிரண்டு பேர் வீட்டுச் சுவரிலும் அந்த மரம் நின்றது. வருகிற விருந்தாளிகள் எல்லோரும் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: “மரம் பிரமாதம்.” வரைந்தவர்கள் அசட்டுச் சிரிப்புச் சிரித்து வைத்தார்கள்.

முதல் இரண்டு வருஷம் அக்காவும் தலையாட்டினாள். பென்சிலில் கோடு போடு என்றால் போட்டாள். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு என்றால் சரி என்றாள். அவளைத் தோற்கடித்த நீலம் மட்டும் அவள் தட்டில் எப்போதும் ஒரு மூலையில் இருந்தது. தொட்டால் பொங்கி வழியும் என்று பயந்து அதைத் தொடாமலே வைத்திருந்தாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை அது நடந்தது. வானத்துக்குப் போட்ட சாம்பல் நிறம் பாதி காய்ந்திருந்த நேரத்தில் அவள் தூரிகையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்துவிட்டது. சங்கத்தில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. பாதி ஈரத்தில் விழுந்த தண்ணீர், நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் ஒரு வளையம் கட்டும். சர்வேயர் காகிதத் துண்டோடு பாய்ந்து வந்தார்.

“ஒத்தி எடுங்கம்மா, ஒத்தி எடுங்க. காஞ்சா போகாது.”

“இருங்க சார். பாக்கறேன்.”

அவள் குனிந்து பார்த்தாள். முப்பத்தொரு வருஷமாக ஓட ஓட விரட்டிய வளையம், கூப்பிடாமலே வந்து, எந்த அவசரமும் இல்லாமல் ஓரம் ஓரமாகப் பல் வைத்துக்கொண்டு அவள் கண்முன் உட்கார்ந்தது. எப்போது நிற்கும், எந்தப் பக்கம் சாய்ந்தால் எப்படி ஓடும் என்று அந்த அறையில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இதை வரவிடாமல் தடுப்பதற்குத் தெரிந்த அத்தனையும், வரவைப்பதற்கும் தெரியும் அல்லவா? அக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் படத்துக்கும் மரம் வந்தது, அது வேறு விஷயம்.

அன்றிலிருந்து வீட்டில் பழக ஆரம்பித்தாள். கெட்டுப்போன படத்தின் பின்பக்கத்தில் பழகுவது சங்கத்து வழக்கம். தாள் கெட்டியானது, இரண்டு பக்கமும் தாங்கும். ஆறு மாதத்தில் அக்காவின் கட்டிலுக்கடியில் முன்பக்கம் மரமும் பின்பக்கம் வளையமுமாக நாற்பது தாள் சேர்ந்துவிட்டது. சங்கத்தில் முன்பக்கத்தைத்தான் காட்டினாள். பின்பக்கத்தைக் காட்டத் தைரியம் வரவில்லை.

இதற்குள் சங்கத்தின் பத்தாவது வருஷம் வந்தது. கீழே நூலகக் கூடத்தில் கண்காட்சி என்று முடிவாயிற்று. ஆளுக்கொரு பெரிய தாள், மூலையில் சங்கத்து முத்திரை குத்திக் கொடுத்தார் சர்வேயர். ஒரு தாள், ஒரு படம். முந்தின சனிக்கிழமை அவர் பார்த்து எண் ஒட்டினால்தான் சுவரில் ஏறும். இன்னொரு தாள் கேட்டால் கிடைக்காது.

அக்கா நான்கு வாரம் போராடினாள். சலவைக்கூடத்தில் மூன்று தடவை போட்டும் போகாமல் ஒதுக்கி வைத்த விரிப்புகளின் குவியலை வரைந்தாள். மடிப்புகளைப் பென்சிலில் போட்டு, வெள்ளையைத் தாளிலேயே விட்டு, ஒவ்வொரு மடிப்பிலும் ஒவ்வொரு கறை வைத்தாள். பயந்து பயந்து வைத்தது என்றாலும் அவள் வைத்தது. கடைசிச் சனிக்கிழமை அவளுக்குக் குவளை கழுவும் முறை. படத்தைக் காயவைத்துவிட்டுக் கீழே போனாள். பன்னிரண்டு குவளை கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிஷம். திரும்பி வந்தபோது நான்கு பேர் அவள் மேசையைச் சுற்றி நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

இடப்பக்கம் மரம். அவள் அதிகம் மெனக்கெட்ட தேநீர்க் கறையின் மேலேயே வேர் விட்டு நின்றது.

“காப்பாத்திட்டேன்மா” என்றார் சர்வேயர். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். “வெறும் அழுக்குத் துணியா இருந்துச்சு. இப்ப பாருங்க, மரத்தடியில துணி காயப்போட்டிருக்கிற மாதிரி ஆயிடுச்சு.”

“அழுக்கு இல்ல சார். கறை” என்றாள் அக்கா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவர் எண் ஒட்டினார். ஒன்பது. கைகளில் குவளைகளோடு நின்றவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அதைக் கொட்ட இடம் தெரியாமல் குவளைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். கடைசிக் குவளை கொஞ்சம் சத்தமாக உட்கார்ந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் ஜன்னல் கண்ணாடி வெட்டுகிறவர். படத்துக்குச் சட்டம் போடுவதும் அவர்தான். சங்கத்துப் படம் எல்லாம் அவர் கடைக்குத்தான் வரும். அதிகம் பேசமாட்டார். கண்ணாடியோடு பழகினால் கை ஆடக்கூடாது, வாய் ஆடினால் கை ஆடும் என்பது அவர் கட்சி. அன்று அவள் படத்தை மேசைமேல் போட்டபோது அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“மரம் நல்லாருக்கு” என்றார்.

அக்கா உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். இருபத்தொன்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் செய்த மனிதர். தினமும் அவள் கையில் அடிக்கும் மருந்து வாசனையை வைத்தே அன்று என்ன கறை என்று சொல்கிறவர். அவரே மரத்தைத்தான் பார்த்தார் என்றால், மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்? இன்னும் ஆறு வருஷத்தில் அவள் ஓய்வு பெறுவாள். மேசையை வேறொருத்தி துடைப்பாள். அவள் இருந்ததற்கு ஓர் அடையாளம் இருக்காது. அவள் கையால் மட்டும் ஆனது, வேறு யார் கையும் படாதது, ஒன்றே ஒன்று சுவரில் நிற்க வேண்டும். அதைக்கூட ஒரு மரம் தின்றுவிட விடுவதா? முடியாது என்று முடிவு செய்தாள். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் கண்ணாடிக்கடையின் நீள மேசையைக் காலி செய்தாள். காய்ந்த பருத்தி விரிப்பு ஒன்றை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் படத்தைக் குப்புறக் கவிழ்த்தாள். முத்திரை குத்திய தாள் ஒன்றுதான். அதற்கும் பின்பக்கம் உண்டு.

ஆபத்து என்னவென்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. பின்பக்கம் போடும் ஈரம் ஒரு சொட்டு அதிகமானால் முன்பக்கம் ஊறும். ஊறினால் எண் ஒட்டிய படம் காலி, இந்தப் பக்கமும் தேறாது. அப்புறம் கண்காட்சியில் ஒன்பதாம் ஆணி வெறுமையாக இருக்கும். தலைக்குமேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

பென்சில் எடுக்கவில்லை. குவியல் இல்லை, மடிப்பு இல்லை. ஒரே ஒரு விரிப்பு, ஒரே ஒரு கறை. தாளை நனைத்து, கையால் தடவிப் பார்த்து, கறைமேசையில் துணியின் ஈரத்தைப் பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்துப் பார்த்துக் காத்திருந்தாள். பளபளப்பு அடங்கும் நேரம் ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் தட்டின் மூலையில் இரண்டரை வருஷமாகக் கிடந்த நீலத்தைத் தூரிகை நிறைய எடுத்து, நட்ட நடுவில் வைத்தாள். வெளியிலிருந்து உள்ளே என்பதுதானே விதி? உள்ளிருந்து வெளியே போனாள். அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நீலம் ஓடியது. பழுப்பு ஒரு துளி விட்டாள், அதுவும் ஓடியது. மேசையை ஒரு பக்கம் தூக்கிச் சாய்த்தாள். வளையத்துக்குள் வளையம், அதற்குள் இன்னொன்று. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே காகிதத்தின் முனையால் தொட்டு நிறுத்தினாள். மற்ற இடமெல்லாம் வெள்ளை, துவைத்துத் துவைத்து நூல் தெரியும் வெள்ளை. இதுவரை சங்கத்தில் வரைந்தது எதிலும் அவளுக்கு இவ்வளவு பயமும் இவ்வளவு மகிழ்ச்சியும் சேர்ந்து வந்ததில்லை.

காய்ந்ததும் மெல்லத் தூக்கிப் பார்த்தாள். முன்பக்கம் தப்பியிருந்தது, மரத்தின் தழை மட்டும் ஓர் ஓரத்தில் கொஞ்சம் கலங்கியிருந்தது.

வீட்டுக்காரர் வந்தார். பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஏங்க, இதுக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடி போடுங்க.”

“பின்பக்கம் எதுக்கும்மா? பின்பக்கம் சுவருதான பாக்கும்?”

“சுவரும் பாக்கட்டும்.”

அவர் அவளைப் பார்த்தார். சர்வேயர் அவருக்குப் பத்து வருஷப் பழக்கம், கடைக்கு வந்து மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பவர். வீட்டுக்காரருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அக்காவுக்கும் புரிந்தது. அவர் வைர முனைக் கத்தியை எடுத்து இரண்டாவது கண்ணாடியை அளந்தார். கொக்கியை மட்டும் எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டார். மேல்சட்டத்தின் நடுவில், எப்படித் திருப்பினாலும் மாட்டுகிற மாதிரி போடச் சொன்னாள்.

கண்காட்சியன்று காலை சர்வேயரே ஒவ்வொரு படமாக மாட்டி, சட்டத்தின் மேலும் அதன் எண்ணை ஒட்டினார். ஒன்பதாம் எண்ணை, அக்கா மரம் தெரிய நீட்டியபடியே வாங்கி மாட்டிவிட்டுக் கண்ணைச் சுருக்கினார். “தழை கொஞ்சம் கலங்கியிருக்கே. கண்ணாடி மட்டும் இல்லேன்னா ரெண்டு இலை போட்டுடுவேன்” என்றார். பன்னிரண்டு படம், பன்னிரண்டு மரம். கூடத்தில் நுழைந்தவர்கள் ஒரு தோப்புக்குள் வந்துவிட்டதாக நினைத்திருந்தாலும் தப்பில்லை.

பத்தரை மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. அக்கா நடந்துபோய் ஒன்பதாம் படத்தை ஆணியிலிருந்து எடுத்தாள், திருப்பினாள், மாட்டினாள். பக்கத்தில் நின்ற மருந்துக்கடை அம்மாவுக்கு வாயில் ஈ போனாலும் தெரிந்திருக்காது.

சர்வேயர் வந்தார். பார்த்தார். எடுத்து, திருப்பி, மாட்டினார். மரம்.

அக்கா எடுத்தாள், திருப்பினாள். வளையம்.

அவர் எடுத்தார். மரம்.

அவள் எடுத்தாள். வளையம். இது நான்கு தடவை நடந்தது. பார்வையாளர்களில் ஒருவர் இதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்ட ஆரம்பித்து, மற்றவர்கள் தட்டாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“என்னம்மா பண்றீங்க?” சர்வேயரின் குரல் தாழ்ந்துதான் இருந்தது. “நான் நம்பர் போட்டது அந்தப் பக்கத்துக்கு.”

“அந்தப் பக்கம் உங்க படம் சார். உங்க பேர்ல மாட்டிக்குங்க. இந்தப் பக்கம் என் படம்.”

“தண்ணி கொட்டிக் கெட்டுப்போன மாதிரி இருக்கு. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? நம்ம சங்கத்துல ஒண்ணுமே சொல்லிக்குடுக்கலன்னு நெனைக்க மாட்டாங்களா?”

“நெனைச்சா என்னைத்தான நெனைப்பாங்க? நெனைக்கட்டும்.”

“சங்கம்னா ஒரு ஒழுங்கு இருக்கும்மா. அதுக்குக் கட்டுப்பட முடியலேன்னா எப்படி இங்க இருக்க முடியும்?”

கூடத்தில் எல்லோரும் இவர்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். அக்கா மேசைக்குப் பின்னால் நிற்கிறவள், நாலு பேர் நடுவில் நின்று பழகியதில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினாள்.

“சார், முப்பத்தொரு வருஷமா நான் செய்யற வேலை என்னன்னா, நான் வேலை செஞ்ச தடமே தெரியாம செய்யறது. நல்லா செஞ்சா ஒண்ணுமே இருக்காது. அதுல எனக்கு வருத்தம் இல்ல, அது என் பொழப்பு. ஆனா இங்கயும் வந்து நான் இல்லாமப் போகமாட்டேன். நீங்க நல்லவரு. எனக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லிக்குடுத்தவரு. அதுக்காக என் தாள்ல உங்க மரம் நிக்கணும்னு இல்ல. இந்த ஒண்ணுல என் கை மட்டும் இருக்கட்டும். சங்கத்த விட்டும் போகமாட்டேன், படத்தத் திருப்பவும் மாட்டேன்.”

சர்வேயர் சட்டத்தின் மேல் ஒட்டியிருந்த ஒன்பது என்ற எண்ணை மட்டும் நகத்தால் உரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். படத்தை அவர் மறுபடி தொடவில்லை.

எண் இல்லாத படத்தைப் பார்த்துப் பலர் பலவிதமாகப் பேசினார்கள். சுவரில் ஈரம் ஊறியதுபோல இருக்கிறது என்றார் ஒருவர். ஒரு குழந்தை கிணறு என்றது. ஓரகத்திகளில் மூத்தவள், எனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அக்கா சரி என்றாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் தோன்றவில்லை, மரம் பிரமாதம் என்று யாரும் சொல்லவில்லையே.

மதியம் ஷிப்ட் மாறும் நேரத்தில் சலவைக்கூடத்திலிருந்து மூன்று பேர் வேலை உடுப்போடு அப்படியே வந்தார்கள். விரிப்பு மடிக்கிறவளும், இயந்திரம் பார்க்கிறவளும், பாய்லர் அண்ணனும். மற்றப் படங்களை மரியாதைக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு இங்கே வந்து நின்றார்கள்.

“இது மூணு தடவ போட்டது” என்றாள் மடிக்கிறவள், யாரும் கேட்காமலே. “நூல் தேஞ்சிருக்கு பாரு.”

“நடுவுல இருந்து தொடச்சிருக்காங்க. புதுசா வந்தவ யாராவது செஞ்சிருப்பா” என்றாள் இயந்திரம் பார்க்கிறவள். பிறகுதான் இது துணி இல்லை, தாள் என்று ஞாபகம் வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பாய்லர் அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார். “யாரோ படுத்திருந்து எந்திரிச்சுப் போயிருக்காங்கக்கா” என்றார். “வீட்டுக்குப் போனாங்களா, இல்ல வேற எங்கயாவதா, அதுதான் தெரியல.”

அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான்கு எட்டு தள்ளி, கையில் உரித்த எண்ணை உருட்டிக்கொண்டு நின்ற சர்வேயர் காதிலும் அது விழுந்தது. அவர் திரும்பவில்லை, நகரவும் இல்லை.

வீட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு மாலையில் வந்தார். படத்தின் முன் நின்றுவிட்டு, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி வந்து நின்றார்.

“இதுல என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லத் தெரியலம்மா. ஆனா ரெண்டு தடவ வந்து பாத்துட்டேன்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை அக்கா படியேறினாள். சாவி சர்வேயரிடம், அறை அவர் பேசி வாங்கியது, வெளியே போ என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் போதும். உள்ளே பதினொரு நாற்காலி போட்டிருந்தது. பன்னிரண்டாவது மடக்கிச் சுவரில் சாய்த்திருந்தது. யாராவது மறந்திருக்கலாம், மறக்காமலும் இருக்கலாம். அவள் யாரையும் கேட்கவில்லை. நாற்காலியை எடுத்து விரித்து, தன் வழக்கமான இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். தாளை நனைத்தாள்.

சர்வேயர் வந்தார். தூரிகை சட்டைப்பையில்தான் இருந்தது. வழக்கம்போல நாற்காலி நாற்காலியாக நடந்தார். கண்டக்டரின் ஆற்றங்கரையில் ஒரு மரம் முளைத்தது. ஓரகத்திகள் ஆளுக்கொரு மரம் வாங்கிக்கொண்டார்கள். மருந்துக்கடை அம்மாவிடம் வந்து, “கொஞ்சம் குடுங்க” என்றார். அவள் இரண்டு கையையும் தாளின்மேல் அகல விரித்து வைத்துக்கொண்டாள். ஈரம் காயாத நிறம் முழுக்க உள்ளங்கையில் ஒட்டியது.

“வேணாம் சார்” என்றாள், கண்ணை மூடிக்கொண்டு.

அவர் அங்கிருந்து நகர்ந்து அக்காவின் பின்னால் வந்து நின்றார். அக்கா திரும்பவில்லை. தாளில் சாம்பலும் நீலமும் மெல்ல ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. இடப்பக்கம் முழுக்க வெள்ளை. அவர் தலையைச் சாய்த்து அந்த வெள்ளையைப் பார்ப்பது அவளுக்கு முதுகிலேயே தெரிந்தது. சட்டைப்பையிலிருந்து தூரிகை வெளியே வரும் சத்தம் கேட்டது.

“இங்க ஒரு மரம் இருந்தா நல்லா இருக்கும்மா” என்றார்.

“இருக்கும் சார்” என்றாள் அக்கா. “ஆனா இருக்காது.”

குனிந்து அடுத்த சொட்டுத் தண்ணீரை விட்டாள்.